பிறவிக் குணமா, பிறவிப் பசியா?

முன்னுரை

‘பிறவிக் குணம்’ எனும் சொல்லை நம்மவர் மிக எளிதாகப் பயன்படுத்துகின்றனர். ஒருவன் குடித்தால் அது பிறவிக் குணம். குண்டர் கும்பலில் சேர்ந்தால் அதுவும் பிறவிக் குணம். படிப்பில் பின்தங்கினாலும் அதே காரணம்தான். நெகிரி செம்பிலானில், ரந்தாவ் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகளும் பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்றவன் நான். “தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான்” எனும் பேச்சு என் காதுக்குப் புதிதன்று. பல்கலைக்கழகத்தில் உளவியலை ஒரு பாடமாக எடுத்தபோது, இப்பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என ஆராயும் வாய்ப்புக் கிட்டியது. பிறவியிலேயே நமக்கு வாய்ப்பது குணமா, பசியா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இயல்பூக்கம் என்பது யாது?

எவரும் கற்பிக்காமலேயே மனிதன் சில உந்துதல்களோடு பிறக்கிறான். இவற்றை உளவியலார் இயல்பூக்கங்கள் என்பர். 1908-இல் வில்லியம் மெக்டூகல் எனும் அறிஞர் அச்சம், சினம், பெற்றோர்ப் பாசம், கூடி வாழும் விழைவு முதலியவற்றை இவ்வாறு பட்டியலிட்டார். 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ, மனிதத் தேவைகளை உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னை முழுமையாக்கிக்கொள்ளுதல் எனப் படிப்படியாக அடுக்கிக் காட்டினார்.

தமிழருக்கு இவ்வகைச் சிந்தனை அந்நியமானதன்று. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணம் வகுத்தவரே எனினும், மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்வுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்திற்குக் காரணங்களாம். அழுகைக்கு அவர் கூறும் காரணங்களுள் வறுமை மட்டுமன்றி, பிறரால் இகழப்படுதலும் ஒன்று. வயிறு காய்ந்தாலும் அழுவான். மானம் போனாலும் அழுவான் மனிதன். இக்கருத்தை நம் தோட்டப்புற வரலாறும் மெய்ப்பிக்கிறது.

வயிற்றுப் பசியும் மானப் பசியும்

1941-ஆம் ஆண்டு, நம் அண்டை மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆர்.எச். நாதன் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். சம்பள உயர்வு முதன்மையான கோரிக்கை. ஆயினும் அதனோடு வேறு சில கோரிக்கைகளும் இருந்தன: கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

சைக்கிளிலிருந்து இறங்காமல் போனால் ஒருவனுடைய சம்பளம் ஒரு காசுகூடக் கூடப் போவதில்லை. பின் ஏன் அதைக் கேட்டார்கள்? மாஸ்லோவின் படிகளை நேர்க்கோடாகப் பார்த்தால், வயிறு நிறைந்த பின்னரே மனிதன் மதிப்பைத் தேட வேண்டும். அவ்வரிசை இறுக்கமானதன்று என்பதை மாஸ்லோவே ஒப்புக்கொண்டுள்ளார். அரைவயிற்றோடு இருந்த நம் மக்கள் சோற்றையும் மானத்தையும் ஒரே மூச்சில் கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களும் அவர்களே. குடி அவர்களின் பிறவிக் குணமாக இருந்திருந்தால் அக்கோரிக்கை எப்படி எழுந்திருக்கும்?

அணைக்கும் கை

1958-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹார்லோ தம் குரங்கு ஆய்வை வெளியிட்டார். தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள் வைக்கப்பட்டன. ஒன்று வெறுங்கம்பியால் ஆனது. மற்றொன்று மெத்தென்ற துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் மட்டுமே பால் கிடைத்தபோதும், குட்டிகள் பால் குடித்த கையோடு துணித் தாயையே கட்டிக்கொண்டு பொழுதைக் கழித்தன. பாலைவிட அணைப்பு ஈர்த்தது.

இப்பாடத்தைப் படித்தபோது தோட்டத்து ஆயாக்கொட்டகை என் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்பே வேலைக்குப் புறப்பட வேண்டும். என் பாட்டியும் அப்படித்தான் என் தந்தையை ஆயாவிடம் விட்டுச் சென்றார். “ஆயா இல்லாட்டி உங்கப்பன் இல்லடா” என்று பாட்டி அடிக்கடி சொல்வார். அந்த ஆயாவுக்கு உளவியல் தெரியாது. ஆனால், அழும் பிள்ளைக்குத் தோள் வேண்டும் என்பது தெரியும்.

காயம் ஆறிய விதம்

ஜப்பானியர் ஆட்சியில், 1942-க்கும் 1943-க்கும் இடையில், சயாம்-பர்மா இரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளத்திற்குப் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் மாண்டோர் எண்ணற்றோர். பாட்டியின் தகப்பனாரும் திரும்பி வரவில்லை. பிணமும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

பாட்டியின் தாயார் அதை எவ்வாறு தாங்கினார்? பாட்டி கூறியது இதுதான்: லயத்துப் பெண்கள் அவரைத் தனியே விடவில்லை. கூடவே அமர்ந்து ஒப்பாரி வைத்தனர். முறைபோட்டுக் கஞ்சி காய்ச்சினர். சில நாள் கழித்துக் கையைப் பிடித்து மீண்டும் வெளிக்காட்டுக்கு அழைத்துச் சென்றனர். அழுகையும் ஓர் இயல்பூக்கமே. அதற்கு இடம் கொடுத்தது ஒப்பாரி. கூடி வாழும் விழைவுக்கு இடம் கொடுத்தது லயம். 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லுன்ஸ்டாட் குழுவினர், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். வலுவான உறவுகள் உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு. உறவும் ஒரு மருந்து என்பது இதனால் விளங்கும்.

வாய்க்கால் அடைபட்டால்

பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் போன்ற இடங்களில் தோட்ட நிலங்கள் புதுநகரங்களாயின. மேம்பாடு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் கோயில் திருவிழாவையும், பந்து விளையாடும் திடலையும், உரிமையோடு அதட்டும் அண்டை வீட்டுப் பெரியவரையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தன. வாய்க்கால் தூர்ந்துபோனது, நீர் வற்றவில்லை. அது கிடைத்த வழியில் பாய்ந்தது.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன், இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி பிடிபடாமல் கடைசி வரிசைக்குப் போனான். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனைக் கும்பலொன்று சேர்த்துக்கொண்டது. அங்கே அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அவனுக்கு அடி விழுந்தால் பத்துப் பேர் வந்து நின்றார்கள். அவன் தேடியது வன்முறையை அன்று, உறவையும் மதிப்பையும்தான். கும்பல் அவற்றை விலைக்கு விற்றது. பின்னர் மோட்டார் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்து, ஓர் இயந்திரத்தை முழுதாக நம்பி ஒப்படைத்தார். இன்று அவன் அந்தப் பட்டறையில் மூத்த கைவேலைக்காரன். அவனுடைய பசி மாறவில்லை. பரிமாறிய கைதான் மாறியது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் எனும் அறிஞர்கள் மனித வளர்ச்சிக்கு மூன்று அடிப்படைத் தேவைகளைக் கூறுவர்: தானே முடிவெடுக்கும் உரிமை, ‘என்னால் முடியும்’ எனும் திறனுணர்வு, பிறரோடு உறவு. நம் முன்னோர் இதையும் செய்து காட்டியுள்ளனர். தோட்டத் துண்டாடல் மிரட்டிய காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தி அதில் பங்குதாரர்கள் ஆயினர். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. வெட்டும் மரத்துக்கு உரிமையாளனாகும் விழைவு, அதே பிறவிப் பசியின் இன்னொரு முகமே.

முடிவுரை

ஆகவே, பிறவியில் வருவது பசி. அது குணமாவது நாம் இடும் உணவைப் பொறுத்தது. ஓர் இளைஞன் தடம் மாறினால், “இவன் பிறப்பே இப்படி” என்று முத்திரை குத்துமுன், “இவனுக்கு எது கிடைக்கவில்லை?” என்று கேட்போம். பல்கலைக்கழகம் வந்துவிட்ட நமக்கு இதில் பெரும் பங்கு உண்டு. விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவிருக்கும் ஒரு மாணவனைத் தேடிப் பிடிப்போம். வாரம் ஒரு மணி நேரம் மலாய்மொழி சொல்லித் தருவோம். பெயர் சொல்லி அழைப்போம். சாப்பிட்டாயா என்று கேட்போம். வேறு எவரோ கேட்பதற்கு முன் நாம் கேட்போம்.