பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்

அன்பு மருமகளுக்கு,

குருக்கள்மடத்து வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிறாய் என்று அறிந்து மிகவும் சந்தோசம். ஏஐ எழுதித் தரும் கோட், அதாவது கணினி நிரலை, எந்தளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருந்தாய். உன் கையிலிருக்கும் வேலையையே வைத்துச் சொல்கிறேன்: அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் பகுதி.

பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமானது, நாள் கணக்கு மாறவில்லை. இதை ஏஐ நொடியில் எழுதிவிடும். ஆனால் நம் அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், லீப் ஆண்டாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1990 மார்ச் 1இல் பிறந்த பெண்ணுக்கு 90ஐ அடுத்து 561 வரும். சாதாரண நாட்காட்டியிலோ அந்த ஆண்டின் 61ஆவது நாள் மார்ச் 2. இதைக் கவனிக்காத கோட், லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1இலும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாளைக் கூட்டிவிடும். டிசம்பர் 31இல் பிறந்தவர் அடுத்த ஆண்டுக்கே போய்விடுவார். ஜனவரித் திகதியைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

சோதனைகளையும் அதனிடமே எழுதச் சொன்னாயானால், அதே பிழைக் கணக்கில் விடையும் எழுதித் தரும். எல்லாம் சரியென்று திரை முழுக்கப் பச்சை காட்டும். பிறகு அம்பிலாந்துறையிலிருந்து படகுப் பாதையில் ஏறி வந்த ஓர் ஆச்சியை, பிறப்புச் சான்றிதழோடு திகதி ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே விடை வெளியிலிருந்து வரவேண்டும். அம்மாவின் அட்டையையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார், அந்தச் சோதனையை நீயே எழுது. பழைய அட்டையில் முதல் ஐந்து இலக்கம் போதும். முழு இலக்கத்தை, அதுவும் பிறருடையதை, ஏஐயிடம் கொடுக்காதே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அந்த இலக்கம் அவர்களுடையதுதான்.

வேகமாகிவிட்டேன் என்ற உணர்வையும் நம்பாதே. 2025இல் மெட்ர் என்ற ஆய்வு நிறுவனம் கோட் எழுதுவதில் அனுபவமுள்ள 16 பேரை 246 வேலைகளில் கவனித்தது. ஏஐயோடு செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது. அவர்களோ 20 சதவீதம் நேரம் மிச்சம் என்று நம்பினார்கள். அது பழகிய பெரிய கோட்டில் வேலை செய்தவர்களின் கதை, உனக்கு வேறு மாதிரி அமையலாம். அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். யாரோ எழுதி விட்டுப்போன பழைய கோட்டை விளங்கிக்கொள்ள ஏஐயிடம் தாராளமாகக் கேள், நானும் கேட்கிறேன்.

உண்மையான தரவுத்தளத்தின் கடவுச்சொல் மட்டும் ஏஐயின் கைக்குப் போகக் கூடாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு பாவனையாளரின் தரவுத்தளத்தை அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது; மீட்க முடிந்தது. தான் செய்த பிழையைப் பற்றி அது சொன்னதும் பிழை.

எந்தப் பகுதியை ஏஐ எழுதியது, அதில் எதை நீ சரிபார்த்தாய் என்று உன் குழுவில் மூத்தவர்களிடம் ஒளிக்காமல் சொல். விளங்காத வரி ஒன்றாவது இருந்தால் அன்றைக்கு அனுப்பாதே. தாமதம் என்று கொழும்பிலிருந்து ஏசினால் ஏசட்டும், விளங்கியபின் அனுப்பு.

அன்புடன்,
மாமா