தொடாதீர்கள்! இடமும் ஒரு சாட்சி

திருப்பூணித்துறையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவு உடைந்து கிடக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. நகையைக் காணோம்.

அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள். ஒருவர் கதவைத் தொட்டுப் பார்க்கிறார். ஒருவர் பீரோவை மூடுகிறார். பாட்டி துடைப்பத்தை எடுத்துக் கூட்டுகிறார். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் என்ன ஆனது? திருடன் விட்டுப்போன கைரேகையும் கால்தடமும் அழிந்தன.

இடத்தை எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

போலீசார் வந்து இடத்தைப் பார்க்கிறார்கள். கண்டதை எழுதுகிறார்கள். இதற்குப் பார்வை மகஜர் என்று பெயர். டேப்பால் அளந்து வரைபடம் போடுகிறார்கள். போட்டோவும் எடுக்கிறார்கள்.

ஆனால் போட்டோவில் எது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சரியாகத் தெரியாது. அன்று அளக்க மறந்ததைப் பிறகு அளக்கவும் முடியாது.

இதற்குத்தான் முப்பரிமாண ஸ்கேனர் வந்திருக்கிறது. முப்பரிமாணம் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும். முக்காலியின் மேல் இந்தக் கருவியை வைக்கிறார்கள். அது சுற்றிக்கொண்டே லேசர் ஒளியை வீசுகிறது. ஒளி சுவரில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது.

சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடியை 5 கோடிப் பங்கு வையுங்கள். அதில் ஒரு பங்கு நேரம்தான்! இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளை அளக்கிறது. புள்ளிகள் சேர்ந்து கம்ப்யூட்டரில் அந்த அறையாகவே தெரியும். பல மாதம் கழித்தும் அதில் அளந்து பார்க்கலாம்.

கருவிக்கும் குறை உண்டு. கட்டிலுக்குப் பின்னால் மறைந்திருப்பது அதற்குத் தெரியாது. அதனால் நாலைந்து இடத்தில் மாற்றி வைக்க வேண்டும். கண்ணாடி அதை ஏமாற்றும். கூட்டித் தள்ளிய தடயத்தை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது.

கொல்கத்தாவில் நடந்தது

2024 ஆகஸ்டு 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். நாடே கொதித்தது. ஆகஸ்டு 14 நள்ளிரவில் ஒரு கூட்டம் புகுந்து அவசரப் பிரிவை அடித்து நொறுக்கியது. பிறகு சி.பி.ஐ. அதிகாரிகள் அந்த அவசரப் பிரிவை லேசர் கருவியால் பதிவு செய்தார்கள். இடம் மாறும் முன்பே பதிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. அதன் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால், தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் எடுக்க வேண்டும். அதை வீடியோ எடுக்க வேண்டும். மாநிலங்கள் இதை 5 ஆண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. எதையும் தொடாதீர்கள். கூட்டாதீர்கள். கழுவாதீர்கள்.
2. அடிபட்டவர் இருந்தால் முதலில் அவரைக் காப்பாற்றுங்கள். உயிர்தான் பெரிது.
3. 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.
4. போலீசார் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.
5. சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் முதலில் படியுங்கள். மலையாளத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கண்டதும் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

1990-இல் எர்ணாகுளம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. அன்று பலர் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தார்கள். படிக்காமல் போடும் கையெழுத்தும் கைநாட்டும் ஒன்றுதான். நாம் படித்துவிட்டுப் போடுவோம்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. பாட்டி கூட்டியதால் என்ன நஷ்டம்?
2. போட்டோவில் தெரியாத எது ஸ்கேனரில் தெரியும்?
3. மகஜரில் தவறு இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?