கைத்தொலைபேசியும் பிள்ளைகளின் ஓட்டமும்

 

காலையில் கடை திறந்து, இஷாவுக்குப் பின் கல்லாவைப் பூட்டி வீடு திரும்புவோர் நம்மில் பலர். அதுவரை பிள்ளைகளுக்குத் துணை கைத்தொலைபேசிதான். அதை வாங்கிக் கொடுத்தவர்களும் நாமே. பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று குறைப்படுவோரும் நாமே.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெளியில் அதிக நேரம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்கின்றனர் கண் மருத்துவர்கள்.

கருவியைப் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். அக்கருவியைக் கொண்டே பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லவும் வழியுண்டு. 2016 ஆகஸ்டில் ‘போக்கிமோன் கோ’ சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வந்தபோது, ஹவ்காங் அடுக்குமாடி வீடுகளின் கீழே பெருங்கூட்டம் திரண்டது. அப்போது அதில் ஒரு முட்டை பொரிய 2, 5 அல்லது 10 கிலோமீட்டர் நடந்தாக வேண்டியிருந்தது. வாகனத்தில் விரைந்தால் கணக்கில் சேராது. ஆயினும் சாலையைக் கவனியாது நடந்தோரும் உண்டு. கூட்டரசுப் பிரதேச முஃப்தி அவர்களும் முஸ்லிம்கள் அதைத் தவிர்க்குமாறு அவ்வாண்டே அறிவுறுத்தினார்கள்.

ஆகவே நாம் வேறொன்றைச் சொல்கிறோம். 2000 மே மாதம் அமெரிக்காவில் தோன்றிய ‘ஜியோகேஷிங்’ என்பது அது. ஒருவர் சிறு டப்பாவை ஓரிடத்தில் மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவிப்பார். மற்றவர்கள் கைத்தொலைபேசியின் துணையால் தேடிக் கண்டு, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்து வர வேண்டும். பிள்ளைக்கு நடையும் கிடைக்கும். பிறர் பொருளை அமானிதமாகப் பேணும் பழக்கமும் வரும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. சாலையைக் கடக்கும்போது கருவி பெரியவர் கையில் இருக்கட்டும். பணம் கேட்கும் விளையாட்டுகளில் கடன் அட்டை எண்ணைப் பதிய வேண்டாம். அசருக்குப் பின் புறப்பட்டு மஃரிபுக்குள் திரும்பிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பிள்ளையுடன் நாமும் போவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸில் காண்கிறோம். அவர்களைவிட நமக்கா அலுவல் அதிகம்? வாரத்தில் ஒரு மாலை கடையைப் பங்காளியிடம் ஒப்படைப்போம். அந்த ஒரு மணி நேர வியாபாரத்தை மறுநாள் ஈட்டலாம். பிள்ளையின் சிறுவயதை எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்க முடியாது.

நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் நல்ல உடலையும் நல்லொழுக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.