போர்க்காலச் சிரிப்புப் படம் ஒன்றும் பத்தாம் வகுப்பு வரலாறும்

இரண்டாம் உலகப்போர்ப் பாடத்தை நடத்தும்போது நாடுகள், ஆண்டுகள், உடன்படிக்கைகள் என்று வகுப்பு நகர்ந்துவிடுகிறது. போர் நடக்கையில் மக்கள் எதைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள் என்று பேச நேரமிருப்பதில்லை. அதற்காக நான் எடுத்துக்கொள்வது, 1944இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஃபோர் ஜில்ஸ் இன் எ ஜீப்’ என்னும் இசை நகைச்சுவைப் படம்.

கே பிரான்சிஸ், கரோல் லாண்டிஸ், மார்த்தா ரே, மிட்சி மேஃபேர் ஆகிய நான்கு நடிகைகள் 1942இன் இறுதியில் இங்கிலாந்துக்கும் பிறகு வட ஆப்பிரிக்காவுக்கும் சென்று படைவீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தினார்கள். அனுப்பிவைத்தது யு.எஸ்.ஓ. என்ற அமைப்பு. படத்தில் நால்வரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடிக்கிறார்கள். மாணவர்களைத் தடுமாற வைப்பதும் இதுதான். ஆளும் உண்மை, பயணமும் உண்மை. அப்படியானால் காட்சிகளும் உண்மைதானே?

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஐந்து நிமிடக் காட்சியை முதலில் ஒலியில்லாமல் ஓடவிடுகிறேன். ஆங்கில உச்சரிப்பு புரியாத கவலை நீங்கிவிடும். கண் வேலை செய்யத் தொடங்கும். கரும்பலகையில் ‘காட்டுவது’, ‘காட்டாதது’ என இரு பத்திகள். முதல் பத்தி பாட்டும் காதலுமாக விரைவில் நிரம்பிவிடும். இரண்டாவதற்குத்தான் நேரம் தர வேண்டும். கறுப்பின வீரர்கள் எங்கே என்று தேடச் சொல்கிறேன். அன்று அமெரிக்கப் படையில் அவர்களுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன என்பதையும், அதை ஒழிக்கும் ஆணையை ட்ரூமன் 1948இல்தான் பிறப்பித்தார் என்பதையும் அப்போது சொன்னால் மனத்தில் நிற்கிறது.

“அப்போ எல்லாம் பொய்யா சார்?” என்று கேட்பார்கள். அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. லாண்டிஸ் அந்தப் பயணத்தில் லண்டனில் விமானப்படை அதிகாரி ஒருவரை மணந்தது உண்மை. மற்ற மூவரும் ஊர் திரும்பிய பின்னும் மார்த்தா ரே வட ஆப்பிரிக்காவில் தங்கி நிகழ்ச்சிகளைத் தொடர்ந்ததும் உண்மை. பிற்காலத்தில் வியட்நாமுக்கும் போனார். விளம்பரத்துக்காக மட்டும் இதைச் செய்ய முடியாது என்பது என் கருத்து.

நார்மண்டித் தரையிறக்கம் நடந்தது 1944 ஜூன் 6. படம் திரைக்கு வந்தது அதற்குச் சில மாதங்கள் முன்பு. அன்று அரங்கில் அமர்ந்திருந்த ஒரு தாயின் மகன் படையில் இருக்கிறான். அவர் இந்தப் படத்துக்கு ஏன் வந்தார்? இதற்கு அரைப்பக்கம் எழுதி வரச் சொல்கிறேன். மதிப்பெண் போடுவதில்லை. மறுநாள் அவர்களே வாசிக்கிறார்கள்.