மகாசபையின் வலிமை: சூயஸ் தந்த பாடம்

நமது சங்கங்களில் நிர்வாகக் குழு ஒரு காரியத்தை முடிக்க இயலாமல் நின்றுவிட்டால், அங்கத்தினர்கள் மகாசபையைக் கூட்டுமாறு கோருவது உண்டு. உலக நாடுகளின் சங்கத்திலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பொதுச்சபையையே குறிப்பிடுகிறோம். நாடு பெரிதாயினும் சிறிதாயினும் அங்கே வாக்கு ஒன்றே. ஆனால் அச்சபைக்குச் சொந்தமாகப் படை இல்லை; போரை நிறுத்துமாறு அது செய்யும் தீர்மானமும் சிபாரிசே அன்றிக் கட்டளை அன்று. எனின், அதனால் விளையும் பயன் யாது? 1956-ம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அவ்வாண்டு ஜூலை 26-ந் தேதி எகிப்தின் அதிபர் நாஸர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் 29-ல் இஸ்ரேல் எகிப்தின்மீது படையெடுத்தது. பிரிட்டனும் பிரான்சும் பின்தொடர்ந்தன. போரை நிறுத்தும் பொறுப்பு முதற்கண் பாதுகாப்புச் சபையினுடையது. அங்கே பிரிட்டன், பிரான்சு இரண்டுமே ரத்ததிகாரம் உடையவை. பிரதிவாதிகளே நீதிபதியின் ஆசனத்திலும் அமர்ந்திருந்தால் தீர்ப்புக் கிடைப்பது எங்ஙனம்? பிரேரணை வீழ்ந்தது.

இத்தகைய முட்டுக்கட்டையை எதிர்பார்த்து, கொரியா யுத்த காலமாகிய 1950-லேயே பொதுச்சபை ஒரு விதி செய்திருந்தது. பாதுகாப்புச் சபை முடங்கினால், அந்நாளில் அதிலிருந்த பதினொரு அங்கத்தினருள் எழுவர் வாக்களித்துப் பொதுச்சபையை அவசரமாகக் கூட்ட இயன்றது. இது நடைமுறை பற்றிய வாக்கெடுப்பாதலின் ரத்ததிகாரம் செல்லாது. அவ்வாறே நவம்பர் 1-ந் தேதி கூடிய பொதுச்சபை, மறுநாள் பொழுது விடியுமுன், போரை நிறுத்திப் படைகளைத் திருப்பிக்கொள்ளுமாறு தீர்மானித்தது. ஆதரவு 64, எதிர்ப்பு 5, நடுநிலை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

தீர்மானம் ஒன்றே போரை நிறுத்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனின் பவுன் நாணயம் தள்ளாடியபோது அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. இதனை மறைத்துச் சபையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் பின்வாங்க எண்ணுபவனுக்கும் மானம் கெடாமல் வெளியேற ஒரு வாயில் வேண்டும் அன்றோ? அவ்வாயிலை அமைத்தது பொதுச்சபையே. கனடாவின் வெளிநாட்டு மந்திரி லெஸ்டர் பியர்ஸனின் யோசனைப்படி, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் வீரர்களைக் கொண்ட ஐ.நா. படை எகிப்துக்கு அனுப்பப்பட்டது. தங்கள் இடத்தை அதனிடம் ஒப்படைத்துச் செல்வதாகச் சொல்லிக்கொள்ளப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழி கிடைத்தது. டிசம்பர் 22-க்குள் அவை வெளியேறின; இஸ்ரேல் 1957 மார்ச்சில் வெளியேறியது. அடுத்த மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. இடைக்காலத்தில் நம் நாட்டுச் சரக்கு ஐரோப்பா செல்லவேண்டின் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டியிருந்தது. தொலைவில் நிகழும் போர், தறிக்காரனுக்கும் பயிரிடுவோனுக்கும் அயலான காரியம் அன்று.

அதே நவம்பரில், அதே விதிப்படி, ஹங்கேரிக்காகவும் பொதுச்சபை கூடியது. புடாபெஸ்டில் புகுந்த சோவியத் டாங்கிகள் திரும்பவேண்டும் என்று தீர்மானமும் ஆயிற்று. சோவியத் அரசு அதனைச் செவிமடுக்கவில்லை. அதன் நாணயத்தை நெருக்க வல்லார் எவருமில்லை; வெளியேறும் வாயிலையும் அது தேடவில்லை. அத்தீர்மானத்தில் இந்தியா நடுநிலை வகித்தது. சூயஸில் உரக்க ஒலித்த குரல் ஹங்கேரியில் ஏன் தணிந்தது என்று கேட்போருக்குத் தக்க விடை கூறுதல் எளிதன்று என்றே கருதுகிறோம்.

உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்தபோதும் இவ்விதியே கைக்கொள்ளப்பட்டது. 2022 மார்ச் 2-ந் தேதி, ரஷ்யப் படை விலகவேண்டும் என்ற தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, இந்தியா உட்பட 35 நடுநிலை வகித்தன. படை விலகவில்லை. எனினும் அவ்வாண்டு ஏப்ரல் 26-ல், லீக்டென்ஸ்டைன் என்னும் மிகச் சிறிய நாடு முன்னின்று கொண்டுவந்த மற்றொரு தீர்மானம் வாக்கெடுப்பின்றியே நிறைவேறிற்று. அதன்படி, பாதுகாப்புச் சபையில் ரத்ததிகாரம் பயன்படுத்தப்பட்டால், பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதனை விவாதிக்கும். தடுத்த நாட்டுக்குப் பேச்சாளர் வரிசையில் முன்னிடமும் தரப்படும்.