சுண்ணாம்புக்கல் உருகுமா?

சுண்ணாம்புக் காளவாயில் கல்லை இட்டுச் சூடேற்றினால் என்ன நடக்கும் என்பதை அந்தக் காலத்துக் கொத்தனார்கள் நன்கு அறிந்திருந்தனர். கல் உருகாது. அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிட, வெண்ணிறமான சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் தெளித்தால் கொதித்துப் பூத்துத் தூளாகும். சுவருக்கு வெள்ளையடிக்கவும் வெற்றிலையில் தடவவும் பயன்பட்டது இதுவே.

இந்த எளிய உண்மைதான் நிலவியல் அறிஞர்களை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாதாட வைத்தது.

பத்துமலைக் குன்றைப் போன்ற சுண்ணாம்புப் பாறைகள் பெரும்பாலும் கடலில் உருவானவை. கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிப் பாறையாயின. ஆகவே, அவை படிவுப்பாறைகள். கருங்கல்லின் கதை வேறு. பூமிக்கடியில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு ஆறி இறுகியதால் அது பிறந்தது. அத்தகையவற்றைத் தீப்பாறைகள் என்பர். தீப்பாறைகளில் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கா மிகுந்திருக்கும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கார்பனேட் என்னும் பொருள் தீப்பாறையில் நிறைந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

1921ஆம் ஆண்டு நோர்வே நாட்டு அறிஞர் புரோகர் அந்த எதிர்பார்ப்பை அசைத்தார். தெற்கு நோர்வேயில் உள்ள ஃபென் என்னும் இடத்தை ஆராய்ந்த அவர், அங்குள்ள கார்பனேட் பாறைகள் உருகிய குழம்பிலிருந்தே தோன்றின என்று எழுதினார். அவற்றுக்குக் ‘கார்பனடைட்’ என்று பெயரும் இட்டார். பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்களைக் கொண்ட தீப்பாறையே கார்பனடைட் ஆகும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. பாறைகள் உருகும் விதத்தை ஆராய்வதில் பெரும்புகழ் பெற்றிருந்த நார்மன் போவன், 1924இல் இக்கருத்தை மறுத்தார். சூடான கரைசல்கள் பழைய பாறைகளுக்குள் ஊடுருவி, அவற்றைக் கார்பனேட்டாக மாற்றியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆழத்தில் புதைந்திருந்த சாதாரணச் சுண்ணாம்புக்கல்லே பாறைக்குழம்பில் சிக்கி மேலே வந்தது என்றனர் வேறு சிலர். மறுத்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. காளவாயில் உருகாத கல் மண்ணுக்கடியில் மட்டும் எப்படி உருகும் என்ற அவர்களது கேள்வி நியாயமானதே.

1960இல் அந்தக் கேள்விக்கு இரண்டு திசைகளிலிருந்து விடை வந்தது. முதல் விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. வில்லி, டட்டில் என்னும் இருவர் சுண்ணாம்புக் கனிமத்தோடு நீரைச் சேர்த்து, நிலத்தடியில் இருப்பதைப் போன்ற அழுத்தத்தில் சூடேற்றினர். அழுத்தம் இருந்ததால் வாயு தப்பிச் செல்லவில்லை. நீரும் உதவியதால், சுமார் 650 பாகை செல்சியஸிலேயே உருகிய குழம்பு தோன்றியது.

இரண்டாவது விடையை ஓர் எரிமலையே தந்தது. இன்றைய தான்சானியாவின் வடபகுதியில், நேட்ரான் ஏரிக்குத் தெற்கே ஓல் டோய்ன்யோ லெங்காய் என்னும் மலை நிற்கிறது. மசாய் மக்களின் மொழியில் அப்பெயருக்குக் ‘கடவுளின் மலை’ என்று பொருள். ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரமுடைய அம்மலையின் உச்சிப் பள்ளத்திற்குள், 1960இல் பேரி டாசன் என்னும் இளம் நிலவியலாளர் துணைக்குச் சிலருடன் இறங்கினார். அங்கே கரிய சேறு போன்ற குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மாதிரியைச் சோதித்தபோது சிலிக்கா ஏறக்குறைய இல்லவே இல்லை. அது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டாக இருந்தது. துணி வெளுக்க உதவும் சலவைச் சோடாவும் சோடியம் கார்பனேட்டே! டாசன் தம் முடிவை 1962இல் வெளியிட்டார். கார்பனேட் குழம்பு உண்டா என்று இனி யாரும் கேட்க முடியாது. கண்முன் ஓடுவதை எப்படி மறுப்பது?

அந்தக் குழம்பு பலவகையிலும் விந்தையானது. சாதாரண எரிமலைக் குழம்பின் வெப்பம் 1,100 பாகை செல்சியஸைத் தாண்டும். லெங்காய் மலையின் குழம்போ 500 முதல் 600 பாகை வரைதான் இருக்கும். அதனால் பகல் வெளிச்சத்தில் அது செந்நிறமாக ஒளிர்வதில்லை; இருண்ட பிறகே மங்கிய சிவப்பு தெரியும். சேறுதானே என்று நம்பிக் கால் வைப்பவர் கதி என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. தேன்போல் மெல்ல நகராமல், நீரைப்போல் சலசலத்து ஓடுவதும் அதன் இயல்பு. ஆறியதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, ஓரிரு நாளிலேயே வெளுக்கத் தொடங்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலையுச்சியில் பனி படர்ந்ததுபோல் தோன்றும். இக்குழம்பில் உள்ள இரு கனிமங்களுள் ஒன்றுக்கு, தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் நினைவாக நைரேரைட் என்று பெயரிட்டுள்ளனர்.

அம்மலை எப்போதும் சாந்தமாக இருந்ததில்லை. 2007இல் அது வெடித்துச் சாம்பலை வானில் பல கிலோமீட்டர் உயரத்திற்கு வீசியது. அடிவாரத்தில் மாடு மேய்த்து வாழும் மசாய் குடும்பங்கள் பல இடம்பெயர நேர்ந்தது.

ஒரு புதிர் மட்டும் தீரவில்லை. உலகின் பழைய கார்பனடைட்டுகளில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். லெங்காய் குழம்பில் மிகுந்திருப்பது சோடியம். மழை பெய்தால் சோடியம் கரைந்து ஓடிவிடும், கால்சியம் தங்கிவிடும். எனவே, பழைய பாறைகளிலும் முன்பு சோடியம் நிறைந்திருந்து, பிறகு கரைந்து போயிருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். லெங்காய் ஒரு விதிவிலக்கு என்பது மற்றவர்களின் கருத்து. மனித வரலாற்றில் இவ்வகைக் குழம்பைக் கக்கிய எரிமலை இது ஒன்றே என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை.

கார்பனடைட்டுகள் இன்று தேடப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. கைப்பேசிகளுக்கும் மின்சார வாகனங்களுக்கும் தேவையான அரிய மண் தனிமங்கள் அவற்றில் செறிந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஒரு கார்பனடைட்டில்தான் அமைந்துள்ளது. தமிழ்நாட்டிலும் திருப்பத்தூருக்கு அருகில் சேவாத்தூர் என்னும் ஊரில் கார்பனடைட் உண்டு. அதன் வயது 75 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதனை ஒட்டியுள்ள பாறைகளில் வெர்மிகுலைட் என்னும் கனிமத்தை வெட்டியெடுக்கின்றனர். சூடேற்றினால் அது நெற்பொரிபோல் பலமடங்கு உப்பும். அப்படி உப்பிய துகள்களை நாற்றங்கால் மண்ணில் கலப்பார்கள். அவை நீரைப் பிடித்து வைத்து இளஞ்செடியின் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும்.