மேகக் கணிமையும் அளவையும்

சேலம் நகருக்கு வடக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல் அமைந்த ஊர் ஏற்காடு. மழைக்காலத்தில் மேகங்கள் அங்குள்ள காப்பித் தோட்டங்களின்மேல் தவழ்ந்து நீரைப் பொழியும். ஏற்காட்டு ஏரி நிறையும். நிறைந்து மிகுந்த நீர் மறுகால் வழியே ஓடி, ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று கிளியூர்ப் பள்ளத்தாக்கில் அருவியாய் வீழும். கோடையிலோ அவ்வருவி மெலிந்து நூலிழைபோல் ஆகிவிடும். ஏரி ஒன்றே, அதனிடத்து மிகும் நீர் காலத்திற்கேற்பப் பெருகும், சுருங்கும்.

கணினித் துறையிலும் இன்று மேகம் ஒன்று பேசப்படுகின்றது. தொலைவிலுள்ள கணினிகளின் ஆற்றலை இணையத்தின் வழியே வேண்டியபோது வேண்டிய அளவு பெற்றுப் பயன்படுத்தும் முறையினை மேகக் கணிமை என்பர். பெயர்தான் மேகமேயன்றி, அது வானில் மிதப்பதன்று. மண்மேல் எழுந்த கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காய் நின்று, இரவும் பகலும் மின்சாரத்தை உண்டு, குளிர்காற்றால் வெப்பந் தணிந்து உழைக்கின்றன. இந்திய அரசின் தேசியத் தகவல் மையம் 'மேகராஜ்' என்னும் திட்டத்தின்கீழ் 2014-ஆம் ஆண்டில் அரசுத் துறைகளுக்கென ஒரு மேகத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசின் தரவு மையம் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் சென்னையில் உள்ளது.

இம்மையங்களில் ஒரு பெரிய கணினியை ஒருவருக்கே கொடுத்துவிடுவதில்லை. பெரிய வீடொன்றைத் தடுப்புச் சுவர் எழுப்பிப் பல குடிகளுக்கு விடுதல்போல, மென்பொருளின் துணையால் அதனைப் பல கணினிகளாகப் பகுப்பர். பகுத்த ஒவ்வொன்றும் தனிக் கணினிபோலவே இயங்கும். ஒரு பகுதியிலிருப்போர் மற்றொரு பகுதியினுள் நுழைதல் இயலாது. இதற்கு மெய்நிகர்க் கணினி என்று பெயர். இக்கருத்துப் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே ஒரு பெருங்கணினியைப் பலவாகக் காட்டும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பகுப்பது எளிது, எவ்வளவாகப் பகுப்பது என்பதே வினா. வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனபடி கேட்டால் கணக்கு நிற்குமோ? ஆதலின் முன்கூட்டியே சில அளவைகளை வகுத்துப் பெயரிட்டு வைப்பர். கணக்கிடும் செயலிகள் எத்தனை, உடனுக்குடன் வேண்டுவதை வைத்திருக்கும் நினைவகம் எவ்வளவு, நெடுநாள் சேமித்து வைக்கும் வட்டு எவ்வளவு என்னும் மூன்றும் சேர்ந்தது ஓர் அளவை. அமேசான் நிறுவனம் 2006-இல் தன் மேகத்தைத் திறந்தபோது ஒரேயோர் அளவையே இருந்தது. அடுத்த ஆண்டில் அதனினும் பெரியன இரண்டு வந்தன. நாசா விண்வெளி நிறுவனமும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010-இல் தொடங்கிய 'ஓப்பன்ஸ்டேக்' என்னும் மென்பொருளில் இவ்வளவைக்கு 'ஃபிளேவர்' என்று பெயர். சுவை என்பது அதன் பொருள். அம்மென்பொருளோடு தொடக்கத்தில் ஐந்து அளவைகள் வந்தன. மிகச் சிறியதன் நினைவகம் 512 மெகாபைட். மற்றவை முறையே 2, 4, 8, 16 கிகாபைட் என இரட்டித்து ஏறின.

இரட்டித்து ஏறும் இம்முறை தமிழர்க்குப் பழகியதே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எவ்வெழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொல்காப்பியமே ஒன்பது எழுத்துகளை எண்ணிக் கூறுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், நெல்லை வாளா 'இத்தனை மரக்கால்' என்று கூறாமல், 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்ததாகக் குறிக்கின்றன. பெயரிட்ட மரக்கால் இருந்தமையால், கொடுப்போர்க்கும் கொள்வோர்க்கும் ஐயம் எழ இடமில்லை.

இனி, அளவையை வகுப்போர் எண்ணிப் பார்க்கவேண்டுவது யாது? ஒரு பெரிய கணினியில் 32 செயலிகளும் 128 கிகாபைட் நினைவகமும் உள்ளன என்று கொள்வோம். 2 செயலியும் 4 கிகாபைட்டும் உடைய அளவையால் அதனைப் பகுத்தால், 16 மெய்நிகர்க் கணினிகள் ஆனவுடன் செயலிகள் தீர்ந்துவிடும். நினைவகத்திலோ 64 கிகாபைட் பயனின்றிக் கிடக்கும். 2 செயலியும் 8 கிகாபைட்டும் என அளவையை மாற்றி வகுத்தால் அதே 16 கணினிகளில் இரண்டும் ஒருங்கே நிரம்பும். பெரிய கணினி தன் பணிக்கென வைத்துக்கொள்ளும் சிறு பங்கை இக்கணக்கில் விட்டோம். அளவை பொருந்தாவிடின் பாதி நினைவகம் வீணாகும் என்பது இதனால் விளங்கும். அரசின் மேகத்தில் வீணாவது மக்கள் செலுத்திய வரிப்பணம் அன்றோ?

மிகுதியால் வருவது பொருட்கேடு. குறைவால் வருவதோ அதனினும் கொடிது. ஏரிக்கு மறுகால் உண்டு. மிகுந்த நீர் கிளியூர் அருவியாய் இறங்கிக் காண்போர்க்கு அழகும் தரும். மெய்நிகர்க் கணினியின் நினைவகத்திற்கு அத்தகைய மறுகால் இல்லை. கொள்ளும் அளவுக்கு மேல் பணி வந்து குவிந்தால், அது முதலில் தளர்ந்து நடக்கும். பின்னர் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இடையில் அறுபட்டு நின்றுவிடும்.

இது உங்களுக்குத் தொலைவான செய்தியன்று. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் காலை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாயின. தேர்வெழுதியோர் 7 லட்சத்து 60 ஆயிரம் பேர். அவர்தம் பெற்றோரும் ஆசிரியரும் அதே வேளையில் முடிவுகளை நாடியிருப்பர். சேர்வராயன் மலையூர் ஒன்றில் கைப்பேசியைக் கையில் ஏந்திக் காத்திருக்கும் மாணவிக்கும், சென்னையில் இருக்கும் மாணவனுக்கும் ஒரே நொடியில் விடை வேண்டும். மறுநாளோ கேட்பார் சிலரே. அவ்வொரு நாளுக்கெனப் பெரிய அளவையை ஆண்டு முழுதும் வைத்திருப்பின் செலவு வீண். சிறிய அளவையோடு அந்நாளை எதிர்கொள்ளின் மாணவர் நெஞ்சம் கலங்கும். முன்னரே சோதித்து, அந்நாளுக்கெனச் சிறிய கணினிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, கூட்டம் தணிந்தபின் திருப்பிக் கொடுத்தலே மேகத்தைப் பயன்கொள்ளும் முறை.

ஒரே கணினியின் அளவையைப் பெரிதாக்கவும் வழியுண்டு. ஓப்பன்ஸ்டேக்கில் அளவை மாறும்போது இயங்கும் கணினி சிறிது நேரம் நிறுத்தப்பெற்று, புதிய அளவையில் எழுப்பப்பெறும். உரியவர் சோதித்துப் பார்த்து, நன்றெனின் உறுதி செய்யலாம்; அன்றெனின் பழைய அளவைக்கே மீளலாம். ஆனால் வட்டினைப் பெருக்குதல்போல் அதனைச் சுருக்குதல் பெரும்பாலும் இயலாது. எழுதி வைத்த செய்திகளை எங்கே ஒடுக்குவது? ஆதலின் வட்டினைக் கேட்கும்போது மிகவும் எண்ணிக் கேட்டல் வேண்டும்.

இவற்றுள் தலையாயது ஒன்றுண்டு. அம்மென்பொருளில், வகுத்துப் பெயரிட்ட ஓர் அளவையின் செயலியையோ நினைவகத்தையோ வட்டினையோ பின்னர்த் திருத்த இயலாது. நிர்வாகிக்கு வேறளவு வேண்டின் புதியதொன்றை வகுத்து, புதுப்பெயர் இட்டு, பழையதை விலக்கலாம். விலக்கிய பின்னும் அதன்படி முன்பே எழுந்த கணினிகள் தாம் பெற்ற அளவிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். இவ்விதி எதற்கு? பெயர் பழையதாகவே இருக்க, உள்ளளவு மாறுமாயின், அப்பெயரை நம்பிக் கணக்கிட்டோர் அனைவரும் ஏமாறுவர். மரக்காலின் அடியில் மெழுகு அப்பி அளக்கும் வணிகனுக்கும், பெயரை மாற்றாது உள்ளளவைக் குறைப்பவனுக்கும் வேறுபாடு இல்லை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய மையங்களில் பணியாற்றுவீர்கள். திருவள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். பணியின் வலியையும் கருவியின் வலியையும் அறிந்து அளவை வகுப்பீர்களாக. வேண்டியதற்கு மேல் கேளாதீர்கள். வேண்டியதைக் கேட்க அஞ்சவும் வேண்டா. ஒரு பெயருக்கு ஓர் அளவு என்று உலகறிய எழுதி வைத்தபின், அவ்வளவு குறையாமல் காத்தல் உங்கள் கடன்.